இலக்கங்களோடு வாழ்ந்த ஆசிரியர் கப்ரேகர்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் கணக்காசிரியர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு இடம்பெறுவது பொருந்துமோ என்று வாசகர் சிலர் எண்ணக்கூடும். புலவர், புரவலர், விடுதலை வீரர் ஆகியோரின் வரலாறுகளையே இத்தகைய பக்கங்களில் படித்துப் பழகிவிட்டோம். கணக்கு என்றதும் நம் தமிழ் மாணவர் பலர் சற்றே ஒதுங்கிக்கொள்வதும் நாம் அறியாததன்று. ஆயினும் இங்கே சொல்லப்புகும் பெருமகனாரின் கணக்கைப் பயிலக் கூட்டலும் கழித்தலும் பெருக்கலும் தெரிந்தால் போதும். அவர் வாழ்ந்த வாழ்க்கையைப் புரிந்துகொள்ளவோ, கணக்கைவிட மனம் கொஞ்சம் அதிகமாக வேண்டும்.

தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேகர் 1905-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 17-ஆம் நாள், பம்பாய்க்கு வடக்கே கடற்கரையில் உள்ள தஹாணு என்னும் ஊரில் பிறந்தார். எட்டு வயதிலேயே தாயை இழந்தார். தந்தையார் எழுத்தர் பணியில் இருந்தவர். சோதிடத்தில் மிகுந்த ஈடுபாடு கொண்டவர். கோள்களின் நிலையைக் கணிப்பதற்கு ஓயாமல் எண்களைக் கூட்டியும் பெருக்கியும் கொண்டிருந்த தந்தையின் அருகிலேயே சிறுவன் வளர்ந்தான். சோதிடம் மகனைப் பற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை, கணிப்பு பற்றிக்கொண்டது. தாணேயில் உயர்நிலைப் பள்ளிக் கல்வியை முடித்த பின், 1923-இல் பூனா பெர்குசன் கல்லூரியில் சேர்ந்தார்.

அக்கல்லூரியோடு தொடர்புடைய பெரும்பெயர் ஒன்று உண்டு. கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்ற முதல் இந்தியர் பரஞ்சபே. அவர் பெயரால் சொந்த முயற்சியில் எழுதப்படும் கணிதக் கட்டுரைக்குப் பரிசு வழங்கப்பட்டு வந்தது. 1927-இல் அப்பரிசைக் கப்ரேகர் பெற்றார். 1929-இல் இளம் அறிவியல் பட்டம் பெற்றார். அவருடைய கல்வி அத்துடன் நின்றது. முதுகலைப் பட்டமோ, ஆராய்ச்சிப் பட்டமோ அவர் பெயருக்குப் பின்னால் ஒருபோதும் சேரவில்லை. இச்செய்தியை வாசகர் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் அவர் பட்ட அல்லல்களுக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது.

1930-இல் நாசிக்கை அடுத்த தேவ்லாலியில் பள்ளியாசிரியர் ஆனார். 1962-இல் ஓய்வு பெறும்வரை 32 ஆண்டுகள் அவ்வேலையே அவருக்குச் சோறிட்டது. தேவ்லாலி ஆங்கிலேயர் காலத்துப் படைப்பாசறை ஊர். தாயகம் திரும்பக் கப்பலை எதிர்பார்த்து அங்கே மாதக்கணக்கில் காத்துக்கிடந்த வெள்ளைச் சிப்பாய்கள் சலிப்பினால் சித்தம் கலங்கினார்கள் என்பார்கள். அதனால் அவ்வூர்ப் பெயர் 'தூலாலி' எனத் திரிந்து, கிறுக்குப் பிடித்தவர் என்னும் பொருளில் ஆங்கிலப் பேச்சு வழக்கில் நுழைந்துவிட்டது. அந்த ஊரில் இருந்துகொண்டு, நாள்தோறும் எண்களைத் திருப்பியும் பிரித்தும் கூட்டியும் பார்த்துக்கொண்டிருந்தவரை ஊரார் என்ன நினைத்திருப்பர் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

மிதிவண்டியில் வீடு வீடாகச் சென்று மாணவர்களுக்குத் தனிப்பாடம் சொல்வதும், ஆற்றங்கரையில் அமர்ந்து எண்களைப் பற்றிச் சிந்திப்பதும் அவருக்கு வழக்கம். அருகிலுள்ள கல்லூரிகள் அவரை அழைத்துப் பேசச் செய்ததும் உண்டு. கையில் கருவியில்லை, உடன் ஆராயத் தோழரில்லை, நூலகமும் பெரிதாக இல்லை. இருந்தவை பூச்சியம் முதல் ஒன்பது வரையுள்ள பத்து இலக்கங்களே. நாம் எல்லோரும் எண்ணின் மதிப்பைப் பார்க்கிறோம். அவர் அந்த எண் எழுதப்பட்ட கோலத்தைப் பார்த்தார்.

அவருடைய கண் எப்படிப் பார்த்தது என்பதற்கு ஒரு சான்று. பம்பாயிலிருந்து 30 மைல் தொலைவில், அந்நாளைய ஜி.ஐ.பி. இருப்புப்பாதையில், தெம்லோ என்றொரு நிலையம் இருந்தது; அதுவே பிற்கால டோம்பிவிலி. அந்நிலையத்தில் அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது. 165 என்னும் எண்ணில் முதலிலும் கடையிலும் உள்ள 1, 5 ஆகியவற்றைக் கூட்டினால் நடுவிலுள்ள 6 கிடைக்கிறது. 2553-இல் 2-ம் 3-ம் சேர்ந்தால் நடுவில் இரட்டித்து நிற்கும் 5. 47773-இல் 4-ம் 3-ம் சேர்ந்தால் 7. இத்தகைய எண்களுக்குத் தெம்லோ எண்கள் என்றே பெயர் சூட்டினார். 11, 111, 1111 ஆகியவற்றை அவற்றாலேயே பெருக்கினால் வரும் 121, 12321, 1234321 என்னும் கோபுர எண்களை இவ்வினத்தில் வியத்தகு எண்கள் எனச் சிறப்பித்தார். எண் வகை ஒன்றுக்குப் புகைவண்டி நிலையத்தின் பெயரை இட்டவர் உலகில் வேறு எவரேனும் உளரோ, அறியேம்.

அவர் பெயரை நிலைநிறுத்திய கண்டுபிடிப்பு 1946-இல் வாய்த்தது. அதனை அவர் வெளியிட்ட இடம் நம் சென்னை என்பது நமக்குப் பெருமை தருவது. 1949-இல் சென்னையில் நடைபெற்ற கணித மாநாட்டில் அவர் அதனை அறிவித்தார். நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்க. நான்கு இலக்கங்களும் ஒன்றாயிருத்தல் மட்டும் ஆகாது. இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, அதிலிருந்து ஏறுவரிசையில் எழுதிய எண்ணைக் கழிக்க வேண்டும். கிடைத்த விடையை மீண்டும் அவ்வாறே செய்ய வேண்டும். மாநாடு நடந்த 1949-ஐயே எடுத்துப் பார்ப்போம். 9941-இலிருந்து 1499-ஐக் கழிக்க 8442. 8442-இலிருந்து 2448 போக 5994. 9954-இலிருந்து 4599 போக 5355. 5553-இலிருந்து 3555 போக 1998. 9981-இலிருந்து 1899 போக 8082. 8820-இலிருந்து 0288 போக 8532. 8532-இலிருந்து 2358 போக 6174. இனி 6174-ஐ அவ்வாறு செய்தால், 7641-இலிருந்து 1467 போக மீண்டும் 6174-தான். எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிகளுக்குள் 6174-இல் வந்து அடங்கிவிடும். நாம் எடுத்த 1949 ஏழு படிகளையும் முழுமையாக ஏறியிருக்கிறது!

இது மாயமன்று, காரணம் உண்டு. நான்கு இலக்கங்களில் பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வேறுபாட்டை 999-ஆல் பெருக்கி, நடு இரண்டின் வேறுபாட்டை 90-ஆல் பெருக்கிக் கூட்டினால் கழித்தலின் விடை வந்துவிடும். ஆகவே ஆயிரக்கணக்கான எண்களில் எதில் தொடங்கினாலும் முதற்படியிலேயே 54 விடைகளுள் ஒன்றில் வந்து விழுகிறோம். அந்த 54-ஐயும் ஒவ்வொன்றாகத் தொடர்ந்து பார்த்தால் அனைத்தும் 6174-க்கே வழிகாட்டுகின்றன. மூன்று இலக்க எண்களுக்கு 495 இவ்வாறு முடிவிடமாக நிற்கிறது. இரண்டு இலக்கங்களுக்கும் ஐந்து இலக்கங்களுக்கும் இத்தகைய ஒற்றை முடிவிடம் கிடையாது. எண்கள் வட்டத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். பொதுவிதி எதற்கும் கட்டுப்படாத இந்த ஒழுங்கின்மைதான் இக்கணக்கின் சுவை என்பது எம் கருத்து.

1949-ஆம் ஆண்டை ஒட்டியே இன்னொரு வகையையும் அவர் எடுத்துரைத்தார். ஓர் எண்ணோடு அதன் இலக்கங்களைக் கூட்டினால் வேறோர் எண் பிறக்கிறது. 23-உடன் 2-ஐயும் 3-ஐயும் கூட்ட 28, அதிலிருந்து 38, பிறகு 49, 62, 70, 77, 91, 101, 103 எனப் பரம்பரை நீள்கிறது. இவற்றின் இலக்கங்களை எல்லாம் கூட்டினால் எவ்வளவு என்று கேட்டால் நாம் ஒவ்வொன்றாகக் கூட்டத் தொடங்குவோம். கப்ரேகரோ, கடைசி எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்துக் கடைசி எண்ணின் இலக்கங்களைச் சேர்த்தால் போதும் என்பார். 103-இல் 23 போக 80. அதனோடு 4 சேர 84. சற்றே எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்கிவிடும். மாணவர்க்கு அதனை விட்டுவிடுகிறோம். இப்பரம்பரையில் 101-க்கு இரண்டு பெற்றோர் உண்டு: 91-லிருந்தும் பிறக்கலாம், 100-லிருந்தும் பிறக்கலாம். ஆனால் 20-ஐப் பெற்ற எண் எதுவும் இல்லை. 31, 42, 53, 64, 75, 86, 97 ஆகியவையும் அவ்வாறே. இவற்றைச் சுயம்பு எண்கள் என்றார் கப்ரேகர். தமிழில் தான்தோன்றி எண்கள் எனலாம். தாயை எட்டு வயதில் இழந்தவர் பெற்றோர் அற்ற எண்களைத் தேடித்தேடிப் பட்டியலிட்டார் என்பதை நினைக்கும்போது நெஞ்சம் ஒருகணம் நின்றுவிடுகிறது. அவர் அப்படி நினைத்தாரா என்பது வேறு.

தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் எண்ணுக்கு, மகிழ்ச்சி தருவது என்னும் பொருளில் ஹர்ஷத் எண் என்று வடமொழியில் பெயரிட்டார். இராமானுஜன் பெயரோடு இணைந்த 1729-ம் அவ்வினத்ததே. அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகை 19. 1729-ஐ 19-ஆல் வகுத்தால் 91. 19-ஐத் திருப்பி எழுதினாலும் 91.

இவற்றையெல்லாம் கேட்ட அறிஞர் உலகம் என்ன செய்தது? நகைத்தது. நம் நாட்டுக் கணிதப் பேராசிரியர் பலர் இவற்றைச் சிறுபிள்ளை விளையாட்டு என ஒதுக்கினர். உயர்ந்த இதழ்களில் இடம் கிடைப்பது அரிதாயிற்று. கணித வேடிக்கைகளை வரவேற்ற இதழ்கள் சில அவருக்குக் கைகொடுத்தன. 6174 பற்றிய கட்டுரைகள் 1953-இலும் 1955-இலும் அமெரிக்க இதழான ஸ்கிரிப்டா மேத்தமேட்டிகாவில் வெளிவந்தன. ஏனையவற்றைச் சொந்தச் செலவில் சிறுசிறு நூல்களாக அச்சிட்டார். வெளியிட்டவர் ஆசிரியரே, ஊர் தேவ்லாலி என்று அவற்றின் முகப்பு தெரிவித்தது. பள்ளியாசிரியரின் ஊதியம் எவ்வளவு, அதில் அச்சுக்கூலி எவ்வளவு என்பதைக் குடும்பம் நடத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

நகைத்தோர் பக்கத்திலும் நியாயம் ஒன்று இருந்தது. அதனை மறைப்பது நேர்மையாகாது. இராமானுஜனை உலகறியச் செய்த ஹார்டி, 1940-இல் வெளியிட்ட தம் நூலில் இத்தகைய எண் வேடிக்கைகளை எடுத்துக்காட்டுகிறார். 8712 என்பது அதன் திருப்பமாகிய 2178-ஐப் போல் நான்கு மடங்கு. 9801 என்பது 1089-ஐப் போல் ஒன்பது மடங்கு. 153-இன் இலக்கங்களைக் கனமாக்கிக் கூட்டினால் 153-ஏ வரும். இவை புதிர்ப் பகுதிகளுக்கு ஏற்றவை, கணிதருக்கு இவற்றில் ஈர்ப்பு ஏதுமில்லை என்பது ஹார்டியின் தீர்ப்பு. காரணம் தெளிவு. மனிதனுக்குப் பத்து விரல் இருப்பதால் பத்து பத்தாக எண்ணுகிறோம். எட்டு விரல் இருந்திருப்பின் இவ்வெண்களின் கோலம் முழுவதும் மாறியிருக்கும். எழுதும் முறையால் வரும் அழகு எண்ணின் இயல்பாகாது என்பதே வாதம்.

ஆயினும் அந்த எழுதும் முறையே மனித குலத்தின் மாபெரும் செல்வங்களுள் ஒன்றன்றோ? இந்திய மண்ணில் தோன்றிய இடமதிப்பு முறையை ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத் அறிஞர் அல்-குவாரிஸ்மி நூலாக எழுதி விளக்கினார். அந்நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டபின் ஐரோப்பா இலக்கங்களைக் கொண்டு கணக்கிடக் கற்றது. படிப்படியாகச் செய்து விடைகாணும் முறைக்கு அவர் பெயரின் திரிபாகிய அல்காரிதம் என்பதே பெயராயிற்று. கழித்து, வரிசைப்படுத்தி, மீண்டும் கழிக்கும் கப்ரேகரின் முறையும் ஓர் அல்காரிதமே. அம்முறை எண்களை எங்கே இட்டுச்செல்கிறது என்று வினவுவது கணிதத்திற்குப் புறம்பான வினாவாக எமக்குத் தோன்றவில்லை.

மேலும், விளையாட்டு எனத் தோன்றியது ஆழத்தில் வேறாக இருந்ததும் உண்டு. 2025-ஆம் ஆண்டு பிறந்தபோது அதன் சிறப்பைப் பலரும் பேசினர்: 20-ஐயும் 25-ஐயும் கூட்ட 45, 45-இன் வர்க்கம் 2025. இவ்வாறு வர்க்கத்தை இரண்டாக வெட்டிக் கூட்டினால் தன்னையே தரும் எண்ணுக்குக் கப்ரேகர் எண் என்று பெயர். 55-இன் வர்க்கம் 3025. 297-இன் வர்க்கம் 88209, அதில் 88-ம் 209-ம் சேர 297. இனி 45-ஐ அதற்கு முந்திய 44-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 1980 வருகிறது, அது 99-இன் இருபது மடங்கு. 297-ஐ 296-ஆல் பெருக்கினால் வருவது 999-இன் 88 மடங்கு. ஆகவே இவ்வெண்களைத் தேடுவது 99, 999, 9999 என்னும் எண்களின் காரணிகளைத் தேடுவதாகவே முடிகிறது. இத்தொடர்பை இயானுச்சி என்னும் கணிதர் 2000-ஆம் ஆண்டில் முழுமையாக நிறுவினார். காரணிப்படுத்தல் எண்ணியலின் அடிப்படை வினாக்களுள் ஒன்று என்பதை ஹார்டியும் மறுக்கமாட்டார்.

ஆனால் அந்த 2000-ஆம் ஆண்டு கப்ரேகருக்கு வாய்க்கவில்லை. 1962-இல் ஓய்வு பெற்றார். மறு ஆண்டே தான்தோன்றி எண்களைப் பற்றிய நூலைத் தேவ்லாலியில் தாமே வெளியிட்டார். 1966-இல் மனைவியார் மறைந்தார். ஓய்வூதியம் போதவில்லை. மிக எளிய வாழ்க்கையே வாழ்ந்தும் போதவில்லை. அறுபது வயதைக் கடந்த அம்முதியவர் வயிற்றுப்பாட்டுக்காகக் கணக்கும் அறிவியலும் தனிப்பாடம் சொல்லிப் பிழைக்க நேர்ந்தது. எண்களால் அவர் ஈட்டியது அவ்வளவே.

1975-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள், சயன்டிபிக் அமெரிக்கன் என்னும் புகழ்பெற்ற இதழில் கணித விளையாட்டுப் பகுதியை எழுதிவந்த மார்ட்டின் கார்ட்னர், கப்ரேகரையும் அவருடைய எண்களையும் உலகுக்கு அறிமுகம் செய்தார். அந்தப் பகுதியைப் பல நாடுகளில் கணிதர்களும் மாணவர்களும் விரும்பிப் படித்து வந்தனர். தேவ்லாலி ஆசிரியரின் பெயர் ஒரே திங்களில் கடல்களைக் கடந்தது. அப்போது அவருக்கு வயது எழுபது. கார்ட்னரும் கணிதத்தில் பட்டம் பெற்றவர் அல்லர் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். பட்டம் பெற்றோர் காணாததைப் பட்டம் பெறாத ஒருவர் கண்டு பாராட்டினார். இதைச் சொல்லும்போது நாமும் பட்டம் பெற்றோர் கூட்டத்திலேயே இருக்கிறோம் என்னும் நாணம் நமக்கு உண்டு.

அதன்பின் நிகழ்ந்தவற்றை விரைந்து சொல்லிவிடலாம். 1982-இல் இத்தாலியக் கணிதர் ஸன்னியர், தான்தோன்றி எண்கள் எல்லா எண்களினிடையே எத்தகைய அளவில் பரவியுள்ளன என்பதை ஆராய்ந்து வெளியிட்டார். ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துக்குச் சற்றுக் குறைவு. 1993-இல் கூப்பர், கென்னடி என்னும் இருவர், அடுத்தடுத்த 21 எண்களும் ஹர்ஷத் எண்களாக இருத்தல் இயலாது என நிறுவினர். இருபது எண்கள் அவ்வாறு அமையலாம். ஆனால் அத்தகைய முதற்கூட்டத்தின் எண்ணை எழுதவேண்டுமானால் 4,436 கோடிக்கு மேற்பட்ட இலக்கங்கள் வேண்டும். ஸ்லோன் என்னும் அறிஞர் 1964 முதல் திரட்டிய எண்தொடர்க் களஞ்சியத்தில் கப்ரேகர் எண்கள், தான்தோன்றி எண்கள், ஹர்ஷத் எண்கள் மூன்றுக்கும் தனித்தனி இடம் உண்டு.

கப்ரேகர் 1986-இல் தேவ்லாலியிலேயே காலமானார். அவர் பிறந்த 1905-ஐ அவருடைய முறைப்படி செய்து பார்த்தோம். ஏழு படிகளில் 6174 வந்தது. மறைந்த 1986-ஐச் செய்து பார்த்தோம். ஆறு படிகளில் வந்தது. முன்னது தன் இரண்டாம் படியிலும் பின்னது தன் முதற்படியிலும் 8172-இல் வந்து சேர்கின்றன. அதன்பின் இரண்டுக்கும் ஒரே வழிதான். தாளும் எழுதுகோலும் எடுத்து மாணவர்கள் சரிபார்த்துக்கொள்க.